நான்கு கூந்தலும் ஒரு மொட்டையும்

மொட்டைத் தலைக்கு ஆண், பெண் என்ற பேதம் கிடையாது. இந்த உண்மையை நான் கல்லூரிப் பருவத்தில், மரக்காணத்து உப்பளத்தில், உச்சிவெயிலில் தெரிந்துகொண்டேன்.

டைபாய்டில் பிழைத்தவள் நான். பிழைத்தால் முடி கொடுப்பதாக அம்மா வேளாங்கண்ணி மாதாவிடம் வேண்டியிருந்தாள். (யாருடைய முடி என்று என்னைக் கேட்கவில்லை.) கொடுத்தாயிற்று. அதே சமயத்தில் என் அண்ணன் அந்தோணியும் அவன் சிநேகிதர்கள் மூவரும் தோள்வரை முடி வளர்த்து, ராக் இசைக்குழு தொடங்கியிருந்தார்கள். எலெக்ட்ரிக் கிடார் இருந்தது, டிரம் இருந்தது, முடி இருந்தது. பாடத்தான் வரவில்லை. எனக்கு வரும். ஆனால் மாதா கோயில் திருவிழா மேடையில் பையன்களோடு பெண் நின்று பாடக்கூடாது என்பது எங்கள் கோயில் பங்கின் சட்டம். நானோ, அந்த மேடையில் ஒரு பாட்டாவது பாடாவிட்டால் டைபாய்டில் பிழைத்ததே தண்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒத்திகை உப்புக் கொட்டகையில். அன்று வரப்பில் வழுக்கிப் பாத்தியில் விழுந்தேன். உப்புநீரில் ஊறிய என் பாவாடை வெயிலில் காய்ந்து, நான் இல்லாமலே தனியாக நின்றது. அண்ணனின் சட்டையும் கைலியும் கட்டிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தபோது, ஊருக்குப் புதிதாக வந்திருந்த பங்குச் சாமியார் வாசலில் வந்து நின்றார்.

வெயிலில் மின்னும் அந்த உப்பு வெள்ளையைக் கடந்து நிழலுக்குள் நுழைகிறவருக்குக் கண் இருட்டிவிடும். அவருக்குத் தெரிந்தவை நான்கு கூந்தல், ஒரு மொட்டை.

“ஏம்மா, நாலு பொம்பளப் புள்ளைங்க ஒரு பையனோட இங்க என்னம்மா பண்றீங்க?”

கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்த அண்ணன், “ஃபாதர்...” என்றான். கீச்சென்று வந்தது.

“நீ சும்மா இரும்மா. தம்பி, நீ யாரு வூட்டுப் புள்ள?”

“அருளப்பன் வூட்டுப் புள்ள, ஃபாதர்” என்றேன். (அப்பா பெயர் அதுதான். பொய்யில்லை.)

“நல்ல குரலு. திருவிழாவுல நீ பாடு. இந்தப் பொண்ணுங்கள வூட்டுக்கு அனுப்பிடு.”

அவர் போனதும் டிரம் அடிக்கும் டேவிட் சொன்னான்: “டேய், எனக்கு மீசை இருக்குதுடா.”

“இருக்குதுன்னு நீதான் சொல்ற” என்றான் அண்ணன்.

இந்த அவமானத்தில் பிறந்ததுதான் எங்கள் பாட்டு. உப்புக் குவியல்மேல் உட்கார்ந்து நான் வரி எழுத, அண்ணன் கோபத்தில் கிடாரை அறைந்தான். (அதுதான் மெட்டு.)

முதுகைப் பார்த்துப் பேர் வைக்காதே,
முகம் திரும்பினால் மூர்ச்சை ஆகாதே!

மறுநாள் நால்வரும் போய், தாங்கள் ஆண்கள்தான் என்று முறையிட்டார்கள். “அப்ப ஆம்பளையா வாங்க” என்றார் சாமியார். பஜார் சலூனில் ஒட்ட வெட்டிக்கொண்டார்கள். ராக் குழு, போலீஸ் ஆளெடுப்புக்கு வந்த வரிசை மாதிரி ஆகிவிட்டது. மொட்டை பெண் என்ற பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

திருவிழா மேடை. பேண்ட் சட்டையில் நான். முதல் வரி கடல்வரை போய்த் திரும்பி வந்தது. உடம்பு முழுக்க இறக்கை. இரண்டாவது வரி முடிந்தபோது, மகனைப் பார்க்க வந்து மணலில் முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்தாள். பேண்ட்டைப் பார்த்தாள். தலையைப் பார்த்தாள். தலைதான் பெரிய விஷயமாகப் பட்டது.

“அடியே ஸ்டெல்லா! கடல்காத்து மொட்டத் தலையில எறங்குது, துண்டப் போடுடி!”

வரி முடிந்தால் ஓங்கி அடி என்று டேவிட்டுக்குச் சொல்லி வைத்திருந்தோம். அடித்தான். கூட்டம் அம்மா கத்தியதைப் பல்லவி என்றே எடுத்துக்கொண்டு, கைதட்டித் திருப்பிப் பாடியது.

சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, பக்கத்திலிருந்த கோயில் உபதேசியாரிடம் கேட்டாராம்: “ஏம்பா, மத்த நாலு பேரும் பசங்கதானே?”

சரணத்துக்கு நான் போய்ச் சேரவில்லை. அதற்குள் அம்மா மேடையேறி, என் தலையில் துண்டைக் கட்டி, கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

அதன்பின் எவ்வளவோ எழுதிவிட்டேன். ஊரில் என் வரி ஒன்றுகூட யாருக்கும் தெரியாது. அம்மாவின் வரி எல்லோருக்கும் தெரியும். என் கல்யாணத்தன்று கோயில் வாசலில் காரிலிருந்து இறங்கும்போது தலையிலிருந்த முக்காட்டு நெட் காற்றில் பறந்தது. பந்தல் மொத்தமும் ஒரே குரலில் பாடியது: “அடியே ஸ்டெல்லா!”

பெண் பார்க்க வந்த நாளிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசியிராத மாப்பிள்ளை, முதல் முறையாக என் பக்கம் குனிந்தார்.

“துண்டு எதனா எடுத்தாரச் சொல்லட்டுங்களா?”