புது வண்டியைக் கிழித்த குஷன் மாமா

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் வாழ்கிற அத்தனை பேரிலும் என் ரத்தக் கொதிப்பை ஏற்றியதில் முதல் பரிசு யாருக்கு என்று கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: குஷன் மாமாவுக்கு. மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருமுனையில் கார் சீட், சோபா தைக்கிற கடை வைத்திருக்கிறார். நிஜப் பேர் அவருடைய ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும்.

அந்த மனுஷனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சைக்கிளில்கூட கேரியரில் உட்கார்ந்துதான் போவார். ஆனால் இந்தப் பக்கத்தில் யார் கார் வாங்கினாலும் அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டுத்தான் வாங்குவார்கள். புவனகிரியிலிருந்தெல்லாம் ஆள் வரும். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல? கடைசியில் நானும் போய் நின்றேன் பாருங்கள், என் புத்தியைச் சொல்லணும்.

எனக்கு வேறு வழியில்லை. எங்களோடு இருக்கிற அக்கா மாடிப்படியில் வழுக்கி விழுந்து, முதுகில் ஆபரேஷன் ஆகியிருந்தது. அவள் ஒரே மகளுக்குச் சிதம்பரத்தில் கல்யாணம். என்னுடைய சின்னக் காரில் ஒரு தடவை அழைத்துப் போய்ப் பார்த்தேன். ஆலப்பாக்கம் வருவதற்குள் வலி தாங்காமல் அழுதுவிட்டாள். திரும்பி வந்து படுத்தவள், "நீங்கள்லாம் போங்கடா. நான் போன்ல வீடியோவுல பாத்துக்குறேன்" என்றாள். பெற்ற மகள் கல்யாணத்தைப் போனில் பார்ப்பதா? அன்றைக்கே முடிவு பண்ணினேன், ஏழு பேர் உட்காருகிற பெரிய வண்டியாக வாங்கிவிடுவது என்று.

"வாங்கு மச்சான். ஆனா நான் தூங்கிப் பாத்துட்டுதான் சொல்லுவேன்" என்றார் குஷன் மாமா. நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். இந்த உறவு எந்தக் கணக்கில் வரும் என்று இன்றுவரை விளங்கவில்லை.

அவருடைய பரிசோதனை அதுதான். கடலூரில் வண்டியில் ஏறிப் படுப்பார். சிதம்பரம் போய்ச் சேருவதற்குள் தூக்கம் வந்தால் நல்ல வண்டி, வராவிட்டால் தகர டப்பா. முதல் ஷோரூமில் சட்டையைக் கழற்றிவிட்டு பனியனோடு சீட்டில் நீட்டிப் படுத்தார். "சார், இது லாட்ஜ் இல்ல" என்று எங்களை வெளியே அனுப்பினார்கள். இரண்டாவது ஷோரூமில் சீட்டை முஷ்டியால் குத்திக் குத்திப் பார்த்ததில் செக்யூரிட்டியே வந்துவிட்டார். எனக்கு மானம் போனது.

மூன்றாவது ஷோரூமில் மாசக் கடைசி. ஒரு வண்டியாவது தள்ளிவிட வேண்டிய கட்டாயத்தில் இருந்த சேல்ஸ்மேன், சிதம்பரம் வரைக்கும் வர ஒப்புக்கொண்டார். நான் ஓட்ட, அவர் பக்கத்தில். மாமா நடு சீட்டில் படுக்கை.

"மேல கண்ணாடி திறக்கும் சார், வானத்தப் பாக்கலாம்" என்றார் சேல்ஸ்மேன்.

"கடலூர் வெயில்ல வானத்தப் பாத்து இன்னா பண்றது? மூடுப்பா" என்றது பின்னாலிருந்து குரல்.

ஆலப்பாக்கம் தாண்டி நல்ல ரோடு கிடைத்ததும் ஆக்சிலேட்டரை அழுத்தினேன். அடேயப்பா! அவ்வளவு பெரிய வண்டி அலுங்காமல் குலுங்காமல் சீறியது. லாரியை ஓவர்டேக் பண்ணினால் லாரி நிற்கிற மாதிரி தெரிந்தது. நான் பூரித்துப் போயிருக்கும்போதே, "டேய், உனக்கு வாங்கறியா, உங்க அக்காவுக்கு வாங்கறியா?" என்று ஒரு அதட்டல். புதுச்சத்திரத்தில் டீ குடிக்க நிறுத்தினால், இன்னும் தூக்கம் வரவில்லை என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

சிதம்பரத்தில் கல்யாண மண்டப வாசல் வரை இந்த வண்டி போகுமா என்று பார்க்க நானும் சேல்ஸ்மேனும் இறங்கினோம். திரும்பி வந்தால் நடு சீட்டு காலி. மனுஷனைக் காணோம்! போன் வைத்துக்கொள்ளாத மகராசன் வேறு. கீழ வீதி, பஸ் ஸ்டாண்டு, டீக்கடை என்று ஒரு மணி நேரம் சல்லடை போட்டோம். சேல்ஸ்மேனுக்கு ஷோரூமிலிருந்து போன் மேல் போன். "பஸ் ஏறிப் போயிருப்பார், போய்த் தொலையட்டும்" என்று வண்டியைத் திருப்பினேன். வழியெல்லாம் அவரைத் திட்டினேன். வாயில் வந்ததெல்லாம் திட்டினேன்.

புதுச்சத்திரம் ஸ்பீடு பிரேக்கரில் வண்டி ஏறி இறங்கியது. "பாத்து ஓட்டுடா" என்று டிக்கிப் பக்கமிருந்து ஒரு குரல். சேல்ஸ்மேன் "ஐயோ!" என்று அலறி என் கையைப் பிடித்துக்கொண்டார். மாமா கடைசி சீட்டை மடக்கிப் போட்டு, அந்த இடத்தில் சுருண்டு கிடந்திருக்கிறார்!

ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு கேட்டேன். "தூங்கிட்டீங்கல்ல? அப்ப வண்டி பாஸா?"

"இன்னாத்த பாஸு? தூங்குனது தரையில. உங்க அக்காவ டிக்கியிலயா படுக்க வச்சிக் கூட்டிட்டுப் போவ? நடு சீட்டு இடுப்ப ஒடிக்குது. வண்டிய வாங்கு, சீட்ட எங்கிட்ட குடு."

ஊரே அவரை நம்புகிறதே என்று வாங்கித் தொலைத்தேன். வண்டி வீட்டுக்கு வந்த மறுநாள், மாமா ஒரு மூட்டை உமியோடு வந்தார். அதில் அக்காவை மெதுவாக உட்காரவைத்து, சாயவைத்து, உமி குழிந்த இடத்தையெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டார். அப்புறம் நேராக வண்டிக்குப் போய், பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காத சீட்டை பிளேடால் சர்ரென்று கிழித்தார். எனக்கு நெஞ்சே கிழிந்தது.

"யோவ்! புது வண்டிய்யா! வாரண்டி போயிடும்யா!" அவரை நான் "யோவ்" போட்டது அன்றைக்குத்தான்.

"வாரண்டியா வந்து உங்க அக்கா முதுகைத் தாங்கப் போவுது? தள்ளு."

உள்ளே இருந்த ஸ்பாஞ்சைப் பிடுங்கி வீசிவிட்டு, தேங்காய் நாரும் புது ஸ்பாஞ்சுமாக அடுக்கி நான்கு நாள் தைத்தார். வெளியே பார்த்தால் ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். கண்ணராவி. கல்யாணம் முடிகிற வரைக்கும் இவர் மூஞ்சியில் முழிப்பதில்லை என்று சபதமே எடுத்தேன்.

கல்யாணத்தன்று காலையில் அக்காவை ஏற்றினோம். ஆலப்பாக்கம் வந்தது. கண்ணாடியில் அவளையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. புதுச்சத்திரம் தாண்டியதும், "ஏன்டா இவ்ளோ உருட்டிக்கிட்டு போற? முகூர்த்தம் தப்பிடப் போவுது" என்றாள். எனக்கு ரோடே தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டினேன். மண்டபத்தில் யாரும் தூக்காமல், வாக்கரைப் பிடித்துக்கொண்டு தானாக மேடை வரைக்கும் நடந்தாள். தாலி ஏறும்போது மகளுக்குப் பக்கத்திலேயே நின்றாள். நின்றதும் முதல் கேள்வி, "குஷன் மாமா எங்கடா?"

மண்டபம் முழுக்கத் தேடினேன். இல்லை. வெளியே போய்ப் பார்த்தால், என் வண்டியின் நடுக்கதவு திறந்து கிடக்கிறது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வளைந்த ஊசியும் கையுமாக, வியர்வை சொட்டச் சொட்டக் குனிந்து தைத்துக்கொண்டிருக்கிறார்.

"தாலியே கட்டியாச்சு மாமா! அக்கா உங்களத்தான் கேக்குறா. இங்க இன்னா பண்றீங்க?" என்று கத்தினேன்.

அவர் நிமிரக்கூட இல்லை. "இடது பக்கம் லேசா இறங்கியிருக்கு. திரும்பிப் போறப்போ உங்க அக்காவுக்கு அசதி ஜாஸ்தியா இருக்கும்டா. நீ போய்ச் சாப்பிடு, நான் வந்துர்றேன்."

போனேன். பந்தியில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் கர்ச்சீப்பைப் போட்டு இடம் பிடித்தேன். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் நான்கு பேர் வந்து கேட்டும், அவர் வருகிற வரைக்கும் அந்த நாற்காலியில் யாரையும் நான் உட்கார விடவில்லை.