கைதட்டி வீடு வாங்கியவர்

மேடையேறிக் கைதட்டல் வாங்கியவர்கள் மயிலாப்பூரில் தெருவுக்கு நான்கு பேர் இருப்பார்கள். கைதட்டியே வீடு வாங்கியவர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் அடுக்குமாடியில், அதுவும் என் தலைக்கு நேர் மேலே, இரண்டாவது மாடியில் வந்து சேர்ந்தது என் ஜாதக விசேஷம்.

வீடு பார்க்க வந்த அன்றே அவரைப் பார்த்தேன். தரகர் "கிழக்குப் பார்த்த வாசல், மெட்ரோ தண்ணி" என்று அடுக்கிக்கொண்டிருக்க, இவர் ஒவ்வோர் அறையின் நடுவிலும் போய் நின்று பட்டென்று ஒரு தட்டு தட்டிவிட்டு, தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று தரகர் ஒவ்வொரு தட்டுக்கும் ஓடி வந்தார். காற்று வரும் பெரிய படுக்கையறையை இவர் திரும்பியும் பார்க்கவில்லை. ரயில்பெட்டி போல நீண்டு, ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர் மட்டுமே தெரிகிற பின்னறையைக் காட்டி, "இது சோக்கா கீது. இதுக்கோசரமே வூட்ட எடுத்துக்கறேன்" என்றார். அன்று சாயங்காலத்துக்குள் கட்டடம் முழுக்க அவருக்குக் 'கைதட்டி' என்று பெயர் நிலைத்துவிட்டது. சொந்தப் பெயர் என்னவென்று கேட்டால் இப்போதும் எங்களில் பாதிப் பேர் விழிப்போம்.

ராயப்பேட்டையில் இருந்துகொண்டு முப்பது வருஷம் ஏசி குழாய் மாட்டும் வேலை செய்தவர். மனைவி தவறிய பிறகு தனியாள். போகிற இடமெல்லாம் கைதட்டி எதிரொலி பார்ப்பது அவருக்கு மூச்சு விடுவது போல. "தட்டினா அந்தச் சத்தத்துக்கு வாலு மொளைக்கக் கூடாது சார். தட்டுனது தட்டுனதோட நிக்கணும்" என்பார்.

மார்கழியில் ஒரு கச்சேரிக்கு அவரையும் அழைத்துப் போனது என் மனைவி வசந்தாவின் யோசனை. திரை இன்னும் விலகவில்லை. இவர் எழுந்து நின்று இரண்டு தட்டு தட்டினார். பாடகர் வந்துவிட்டார் என்று முன்வரிசை தட்டியது. முன்வரிசை தட்டுகிறதே என்று பின்வரிசை தட்டியது. திரை இழுக்கிறவர் பதறிப்போய் இழுத்துவிட, மேடையில் மிருதங்கக்காரர் வாய் நிறைய போண்டாவோடு நின்றுகொண்டிருந்தார். கைதட்டிக்கு அதெல்லாம் கண்ணிலேயே படவில்லை. "பின்னாடி வெறும் சிமிட்டி செவுரு. பாட்டு போய் முட்டிக்கினு திரும்பி வரும், பாருங்கோ" என்று என் காதில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

தரைத்தளத்து வாத்தியார் காலமானபோது இன்னும் மோசம். சாமான்களையெல்லாம் எடுத்து ஹாலைக் காலி செய்திருந்தார்கள். மாலை போட்டுக் கும்பிட்டு நிமிர்ந்தவர் அந்தக் காலி ஹாலைப் பார்த்தார். கைகள் தானாக உயர்ந்தன. நான் பாய்ந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். துக்கம் தாங்காமல் மார்பில் அடித்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்த வீட்டார், அவருக்கு நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள். வாத்தியாரின் சம்பந்தி, "இப்படி ஒரு பாசமா!" என்று தேம்பினார். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் படியேறினோம்.

இதுவரை சிரித்துச் சொல்லிவிட்டேன். இனிமேல் சொல்வது வயிற்றெரிச்சல்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் பாட்டுக் கேட்பது என்பது முப்பது வருஷ வழக்கம். வசந்தா காபியோடு என் பக்கத்தில் உட்காருவாள். அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் வருவார்கள். என் ஆளுயர ஸ்பீக்கர்களைப் பார்த்து, "உங்க காது யாருக்கு வரும் சார்!" என்பார்கள். வேறு எதிலும் பெயர் வாங்காத எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும், வாரம் ஓடிவிடும். அந்த அறை பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு, வாஸ்துப்படி சரியான சதுரம். கைதட்டி ஒருமுறை வந்தார், தட்டினார், உதட்டைப் பிதுக்கினார். "சதுர ரூமு ஆவாது சார். மத்தளச் சத்தம் பூரா மூலைல குந்திக்கினு கீது." ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை.

அவரோ தன் அறையில் வேலையைத் தொடங்கினார். மரச்சட்டம் அடித்தார். ஏசி குழாயைச் சுற்றி வைப்பார்களே, கல்லை உருக்கி இழுத்த பஞ்சு, அதைச் சட்டத்துக்குள் அடைத்தார். சுவரில் மாட்டினால் எதிரொலியைக் குடித்துவிடும் 'பேனல்' அது. மேலே போர்த்தத் துணி வேண்டும் என்று வசந்தாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு தி. நகர் போனார். கடையில் புடவையை விரிக்கச் சொல்லி, முந்தானையை வாயில் வைத்துப் பலமாக ஊதினாராம். மூச்சு அந்தப் பக்கம் போனால்தான் சத்தமும் போகும் என்பது அவர் கணக்கு. பதினோரு புடவையை ஊதிப் பார்த்து, பன்னிரண்டாவதை எடுப்பதற்குள் கடைக்காரப் பெண், "ஐயா, ஊதினா சாயம் போகாது, துவைச்சாத்தான் போகும்" என்று சத்தியம் செய்திருக்கிறாள்.

அடுத்த ஞாயிறு வசந்தா மேலே போனாள். அதற்கடுத்த ஞாயிறும் போனாள். மூன்றாவது ஞாயிறு, "உங்க காது யாருக்கு வரும்" கோஷ்டி மொத்தமும் போய்விட்டது. நானும் என் ஸ்பீக்கர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"ஏன்னா, ஒரு தடவ மேல வந்து கேளுங்கோளேன்" என்றாள் வசந்தா. "வீணைல நகம் படற சத்தம் தனியா கேக்கறது. நம்மாத்துல எல்லாம் சாம்பார் மாதிரி ஒண்ணா கலந்துண்டுன்னா வரது!"

வீம்புக்குப் போனேன். முழங்கால் உயரம்கூட இல்லாத இரண்டு பழைய ஸ்பீக்கர் பெட்டிகள். ரிச்சி தெருவில் யாரோ கழித்துப் போட்டவை. ஆனால் அவை பாட ஆரம்பித்ததும், பாடுகிறவள் எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டாள். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாட்டுக்குப் பாதி, பொறாமைக்குப் பாதி. வசந்தா அந்தப் பாட்டில் கண்ணை மூடிக்கொண்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட காலத்தில் எப்படித் தலையை ஆட்டுவாளோ அப்படியே ஆட்டிக்கொண்டிருந்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவரிடம் போய் வழி கேட்பதா? செத்தாலும் மாட்டேன். நானே பேனல் செய்தேன். பஞ்சுக்கு எங்கே போவது? புது ஃபிரிட்ஜ் வந்த பெட்டியில் தெர்மாகோல் இருந்தது. துணிதானே, ஏன் புடவை, பணக்காரத்தனமாக இருக்கட்டும் என்று பளபளவென்று ரெக்ஸின் வாங்கிப் போர்த்தினேன். எட்டுப் பேனல். மாட்டி முடித்துப் பாட்டைப் போட்டேன். டவுன் பஸ்ஸுக்குள் கச்சேரி நடப்பது போல இருந்தது. வசந்தா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு மேலே போய், கைதட்டியைக் கையோடு அழைத்து வந்துவிட்டாள்.

அவர் என் பேனலை ஒரு விரலால் தட்டினார். ஓரத்தைப் பிரித்து உள்ளே பார்த்தார். முகத்தில் சிரிப்பில்லை, அது இன்னும் அவமானமாக இருந்தது.

"சார், இது மீன் பொட்டி."

"என்னது?"

"நொச்சிக்குப்பத்துல மீனு வெக்கிறாங்களே, அந்தப் பொட்டி. இதுல வெச்சா ஐஸு கரையாது. சத்தமும் கரையாது சார்."

வசந்தா வெடித்துச் சிரித்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு, "நீங்க பெரிய நிபுணர்தான், ஒத்துக்கறேன், போதுமா?" என்று கத்தினேன்.

"அய்ய, இன்னாத்துக்குக் கோச்சுக்கினு? பேனலு கீது. எடுத்தாறேன்" என்றார் அவர்.

இரண்டு நாளில் ஆறு பேனலோடு இறங்கி வந்தார். என்னை என் நாற்காலியில் உட்கார வைத்து, தன் சவரக் கண்ணாடியைச் சுவரோடு நகர்த்திக்கொண்டே போனார். "கண்ணாடில ஸ்பீக்கர் தெரியற எடத்துல சொல்லுங்கோ. அங்கதான் சத்தம் முட்டும்." தெரிந்த இடத்தில் பென்சிலால் கோடு. கோட்டில் பேனல். மத்தளம் குந்தியிருந்த மூலைகளில் கனமாக இரண்டு. நாலு மணிக்குப் பாட்டைப் போட்டோம். வசந்தா அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாட்டு முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோஷ்டி திரும்பி வந்தது. கைதட்டியும் வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். "உங்க காது யாருக்கு வரும் சார்!" என்று அவர்கள் சொன்னபோது, அவர் இருக்கிறாரே என்று கூசாமல் தலையாட்டி வாங்கிக்கொண்டேன். ஜெயித்துவிட்ட மிதப்பு எனக்கு.

மறுநாள் வசந்தா ஒரு டப்பாவில் அடை வைத்து, மேலே கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். போனேன். அவருடைய பின்னறைச் சுவரில் ஆறு இடங்களில், நீளவாக்கில், சுண்ணாம்பு புதிதாக வெளுத்துத் தெரிந்தது. பக்கத்தில் ஆணி பிடுங்கிய ஓட்டைகள்.

"புதுசா செஞ்சது இல்லையா?" என்றேன்.

"அந்தப் பஞ்சு இப்ப கெடைக்கல சார். கெடைக்கற வரிக்கும் நீங்க ரெண்டு பேரும் தனித்தனியா குந்திக்கினு கேக்கணுமா? அம்மா இங்க வந்து கேக்கசொல்ல, பாட்டு நல்லா இருந்தா பக்கத்து நாற்காலியத் திரும்பித் திரும்பிப் பாப்பாங்க. அங்க நீங்க இல்ல. எனுக்கு ஒரு மாதிரி ஆயிடும். எங்க வூட்டுக்காரி போனப்பறம் நானும் அப்படித்தான் பாத்துக்கினு கெடந்தேன்."

டப்பாவை அவர் கையில் கொடுத்தேனா, மேஜையில் வைத்தேனா, நினைவில்லை. என் பேனலாக இருந்திருந்தால் ஒன்றைக்கூடக் கழற்றியிருக்க மாட்டேன். அவர் அறையைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன், அன்று அவர் மனசைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அந்தப் பொறாமை இன்னும் தீரவில்லை, தீர வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் கோஷ்டி வந்து காத்திருக்கும், காபி ஆறும், வசந்தா கடிகாரத்தைப் பார்ப்பாள். மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்கும்வரை எனக்குப் பாட்டுப் போடக் கை வருவதில்லை.