டெம்ப் சாமி

மனிதர்களுக்குப் பேயோட்டும் ஆட்கள் ஓசூரில் எப்போதும் உண்டு. போன செவ்வாய்க்கிழமை முதல் கம்ப்யூட்டர்களுக்கும் ஓர் ஆள் கிடைத்துவிட்டார்.

திங்கட்கிழமை ஓர் அப்டேட் வந்தது. வந்த அப்டேட் சும்மா போகாமல், ஊரில் பாதிக் கம்ப்யூட்டர்களின் திரையைத் துடைத்துவிட்டுப் போனது. ஃபைலும் இல்லை, படமும் இல்லை. வெறும் நீலத் திரையின் மூலையில் ஒரு குப்பைத்தொட்டி மட்டும் மிச்சம். மறுநாளே பாகலூர் சாலையில் பூட்டிக்கிடந்த டயர் கடையைத் திறந்து உட்கார்ந்துவிட்டார் ஆஞ்சப்பன். அதற்கு முந்தின வாரம்வரை செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தவர். இப்போது பேனர்படி, 'சிஸ்டம் சித்தர்'.

வரிசை வாசலைத் தாண்டித் தெருமுனைவரை நின்றது. தமிழில் முனகினார்கள், தெலுங்கில் வேண்டினார்கள், கன்னடத்தில் இடத்துக்குச் சண்டை போட்டார்கள். ஆளுக்கொரு சிபியு பெட்டி, முடியிறக்க வந்த குழந்தை மாதிரி இடுப்பில்.

சித்தரின் வைத்தியம் இதுதான். பெட்டியின் தலையில் எலுமிச்சம்பழம். எதிரே கற்பூரம். வாயில் யாருக்கும் புரியாத மந்திரம். நடுநடுவே, "அணை! ஏத்து!" என்று ஓர் அதட்டல். பெட்டியை மூன்று முறை அணைத்து, மூன்று முறை ஏற்றினால் பலருக்குத் திரை பழையபடி வந்தது. "ஆயித்து! ஆச்சு!" என்று கூட்டம் இரண்டு மொழியில் கூவியது. வராதவர்களிடம், "வீட்ல தீட்டு இருக்குது. வெள்ளிக்கிழமை வா" என்பார். வந்தால் சாமியின் சக்தி, வராவிட்டால் உங்கள் பாவம். இத்தனை பாதுகாப்பான தொழில் சிப்காட் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

அந்த வரிசையில், போர்வையால் சுற்றிய பெட்டியோடு, தலையைத் தொங்கப்போட்டு நின்றவர் சகாயநாதன். அவர் தலையைத் தொங்கப்போட்டதற்குக் காரணம் உண்டு. பகுத்தறிவு மன்றத்தின் செயலாளர் அவர். பதினான்கு வருடமாகக் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறார். 'இங்கே ஜாதகம் டைப் செய்து தரப்படாது' என்று வாசலில் போர்டு வைத்தவர். கோயில், தேவாலயம் எதையும் விட்டுவைக்காமல் கேள்வி கேட்டு, சொந்த மாமியார் வீட்டில் கிறிஸ்துமஸ் சாப்பாட்டையே இழந்தவர்.

பதினோரு வருடமாக அவர் எழுதிய புத்தகம் 'பேயும் பொய்யும்'. அன்று மாலைக்குள் கிருஷ்ணகிரி அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வெளியீடு. அழைப்பிதழ் கொடுத்தாகிவிட்டது. புத்தகம் இருந்த இடத்தில் குப்பைத்தொட்டி.

"இன்னொரு காப்பி எடுத்து வெச்சிருப்பீங்கல்ல?" என்று கேட்டாள் மனைவி பவுலினா.

"இல்ல. கம்ப்யூட்டர் மேல நம்பிக்கை."

"நம்பிக்கையா? உங்களுக்கா?" என்று அவள் சிரித்த சிரிப்பு மூன்று வீடு தாண்டிக் கேட்டிருக்கும்.

கடைக்கு வருகிறவர்களிடம் பதினான்கு வருடமாக அவர் சொல்லிவந்த முதல் வைத்தியம், 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்பதுதான். தன் பெட்டி என்றதும் அதை ஒரே ஒரு முறை செய்தார். மறுபடி அணைத்தால் உள்ளே இருப்பதும் போய்விடுமோ என்று பயந்தார். பயந்த பகுத்தறிவாளர் போர்வையைத் தேடினார்.

அவர் முறை வந்தது. ஆஞ்சப்பன் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாங்க தோழர்! போன மாசம் பஸ் ஸ்டாண்டுல சாமியாருங்களைத் திட்டிப் பேசுனீங்களே, தொண்டை சரியாச்சா?"

கூட்டம் சிரித்தது. நிஜமாகவே தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது சகாயநாதனுக்கு. சித்தர் ஒரு பிடி விபூதியை எடுத்து அவர் நெற்றியில் பட்டையாக இழுத்தார். எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்தார். 'பேயும் பொய்யும்' எழுதியவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பெட்டியை மானிட்டரில் மாட்டியதும் சித்தர் திரையைக் காட்டினார். உரிமையாளர் பெயர் வர வேண்டிய இடத்தில், இங்கிலீஷில் நாலே எழுத்து. டெம்ப்.

"எல்லாரும் பாத்துக்குங்க. டெம்பிள்னு வர வேண்டியது. கடைசி ரெண்டெழுத்து உதிர்ந்துபோச்சு. உள்ள கோயில் இடிஞ்சு நிக்குது. நான் எழுப்பணும்."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கம்ப்யூட்டர் சென்டர்காரரின் கையும் பாதிவழி போனது.

"சாமி, ஒரு சந்தேகம்."

கேட்டவள் அடுத்து நின்ற மாரம்மா. கெலவரப்பள்ளிப் பக்கம் மகளிர் குழு நடத்துகிறவள். குழுவின் பெட்டியை இடுப்பில் வைத்திருந்தாள்.

"எட்டு வருஷம் கம்பெனியில நான் டெம்பரரி, டெம்ப்புங்க. என் கார்டுல இதே நாலு எழுத்துதான் போட்டிருந்தாங்க. அப்ப நானும் இடிஞ்ச கோயிலா?"

வரிசையில் நின்ற கம்பெனி ஆட்கள் சிரித்துவிட்டார்கள். அவர்களில் பாதிப்பேர் டெம்ப்தான். மாரம்மா விடவில்லை.

"டெம்ப்புன்னா என்னான்னு எங்களைக் கேளுங்க சாமி. பெர்மனென்ட் ஆளு லீவு போட்டா, அந்த எடத்துல எங்களை உட்கார வெப்பாங்க. எங்ககிட்ட ஒண்ணும் இருக்காது, வெறுங்கை. ஆனா அந்த ஆளோட சாமானெல்லாம் அவன் லாக்கர்லயேதான் இருக்கும். அவன் திரும்பி வந்தா நாங்க எழுந்துக்கணும். இதுவும் அதானே? டெம்ப்பை எழுப்பிவிட்டா பழைய ஆளு வந்து உட்காருவான். நீங்க அணைச்சு அணைச்சு ஏத்தறதும் அதுக்குத்தானே? எலுமிச்சங்காய் எதுக்கு?"

"இது தெய்வ காரியம். குறுக்க பேசாதே!"

"சாமி எங்க ஊர்லயும் இருக்குது. எலுமிச்சங்காய் நாங்களும் வெக்கிறோம். அது மாரியாத்தாளுக்கு. கரண்டுப் பொட்டிக்கு இல்ல. ஒண்ணு பண்ணுவோம். இவரு பொட்டிக்கு நீங்க பழம் வைங்க, மந்திரம் சொல்லுங்க, எல்லாம் பண்ணுங்க. அணைக்க மட்டும் கூடாது. எம் பொட்டியை நான் சும்மா அணைச்சு ஏத்தறேன். எது வருதுன்னு பாத்துடலாம்."

"அம்மா, என் புஸ்தகத்தை வெச்சுச் சோதனை வேணாம்மா!" என்று கெஞ்சியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? பகுத்தறிவு மன்றச் செயலாளர்தான்.

"அணைக்காம சக்தி எப்படி எறங்கும்?" என்று நழுவப் பார்த்தார் சித்தர்.

"சக்தி சாமிக்கா, சுவிட்சுக்கா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கூட்டம் நெருங்கியது. வேறு வழியில்லாமல் ஆஞ்சப்பன் மந்திரத்தைத் தொடங்கினார். பக்கத்து மேசையில் மாரம்மா பெட்டியை மாட்டினாள். அணைத்தாள், ஏற்றினாள்.

அரை மணி நேரம் ஓடியது. கற்பூரம் இரண்டு தடவை தீர்ந்தது. சகாயநாதன் திரையில் அதே குப்பைத்தொட்டி. மாரம்மாவுக்கு இரண்டாவது முறையே குழுவின் ஃபைல்கள் வரிசையாக வந்து நின்றன.

"என் சக்தி பக்கத்து மெஷினுக்குத் தாவிடுச்சு" என்றார் சித்தர்.

இதை எலுமிச்சம்பழம்கூட நம்பவில்லை. அது உருண்டு மேசைக்கடியில் போனது.

சகாயநாதன் எழுந்தார். தன் பெட்டியைத் தானே அணைத்தார். ஏற்றினார். டெம்ப். மறுபடி அணைத்து ஏற்றினார். டெம்ப். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. மூன்றாவது முறை திரையின் நடுவே, பதினோரு வருடமாக இருந்த அதே இடத்தில், 'பேயும் பொய்யும்' உட்கார்ந்திருந்தது.

அதன்பிறகு வரிசை கலைந்தது. ஆளாளுக்குக் கடையில் இருந்த பிளக்குகளைப் பிடித்துக்கொண்டு, அணைப்பதும் ஏற்றுவதுமாக இருந்தார்கள். வராதவர்கள், தீட்டைத் தேடாமல் நல்ல மெக்கானிக்கின் நம்பரைத் தேடினார்கள். கொடுத்த காணிக்கையைத் திருப்பிக் கேட்டவர்களிடம், வெளியே போய் வருகிறேன் என்று போன ஆஞ்சப்பன் இன்னும் போய்க்கொண்டிருக்கிறார்.

சகாயநாதன் புத்தகத்தைத் திறந்தார். 'எதையும் கேள்வி கேட்காமல் நம்பாதே' என்று முதல் வரி. அந்த வரியின் மேலேயே கண்ணாடித் திரையில் அவர் முகம் தெரிந்தது, நெற்றியில் முழுப் பட்டையோடு. அவசரமாகத் துடைத்தார்.

"ரொம்ப நன்றிம்மா. நீங்களும் மன்றத்துல சேர்ந்துடுங்க. நாங்களெல்லாம் பகுத்தறிவாளருங்க."

மாரம்மா பெட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

"அது சரிங்க சார். அந்தப் பகுத்தறிவு உங்ககிட்ட டெம்ப்பா, பெர்மனென்ட்டா?"

சகாயநாதன் நெற்றியை இன்னொரு தடவை துடைத்துக்கொண்டார். கதையைப் படித்து முடித்து, சகாயநாதனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறீர்களே, உங்கள் பகுத்தறிவின் கார்டில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.