வித்தியாசம் மட்டும்

"பொருந்தலைன்னு வருதுங்க" என்றாள் மனைவி தொலைபேசியில்.

சுருக்குப்பை நிமிர்ந்து உட்கார்ந்தார். எந்த ஃபைலைக் கொடுத்தாலும் பாதியாகச் சுருக்கித் தருவதால் அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் அது. மனைவி மலையுச்சியில் இருக்கும் வானிலை நிலையத்தின் பொறுப்பாளர். அங்கே போய் நாலு மாதம் ஆகிறது. காற்றின் வேகத்தைக் கணக்கிட அவள் பயன்படுத்தும் மென்பொருளை எழுதியது இவருடைய அலுவலகம்தான்.

அதன் புதிய பதிப்பை அனுப்ப வேண்டியிருந்தது. முந்நூறு எம்.பி. மலைக்குப் போகும் இணைப்போ பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்துவிடும்.

"கையில எடுத்துட்டுப் போய்ப் போட்டாத்தான் உண்டு. நீங்களே போயிட்டு வாங்களேன்" என்று மேலாளர் நல்லபடியாகத்தான் சொன்னார்.

"ஒரு வாரம் வீணாப் போயிடும் சார். பழைய ஃபைலுக்கும் புதுசுக்கும் என்ன வித்தியாசமோ அதை மட்டும் அனுப்பினாப் போதும். துளியூண்டுதான் வரும்" என்று மார்தட்டியது இவர்.

முதல் முயற்சியில் வித்தியாசம் முந்நூற்றுப் பத்து எம்.பி. வந்தது.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வித்தியாசம் மொத்தத்தைவிடப் பெரிசா இருக்கே?"

"ஆரம்பத்துல நாலு வரி சேர்த்திருக்கோம் சார். அதனால கீழ இருக்கறதெல்லாம் தள்ளிப் போச்சு. பஸ்ல முன்னாடி ஒருத்தர் வந்து உட்கார்ந்தா எல்லாரும் ஒரு சீட் நகர்ற மாதிரி. சீட்டு சீட்டாப் பார்த்தா எல்லாமே மாறிட்ட மாதிரி தெரியும். ஆளுங்க அதே ஆளுங்கதான்."

"அப்போ ஆளைப் பாருங்க. எதுக்கு சீட்டைப் பாக்கறீங்க?"

சுருக்குப்பை ஒரு வாரம் உட்கார்ந்து ஆளைப் பார்த்தார். நகர்ந்துபோன துண்டுகள் எங்கே இருந்தாலும் தேடிப் பிடித்து, 'பழையதிலிருந்து இதை எடுத்துக்கொள், இதை மட்டும் புதிதாகச் சேர்' என்று சொல்கிற மாதிரி எழுதினார். முந்நூறு எம்.பி. நாற்பது கே.பி. ஆனது. கண்மூடித் திறப்பதற்குள் மலைக்குப் போய்ச் சேர்ந்தது. போன இடத்திலிருந்துதான் இப்போது இந்தப் பதில்.

"பழைய ஃபைல்ல ஒரு எழுத்துகூட மாறாம இருந்தாத்தான் இது ஒட்டும்மா. யாராவது தொட்டீங்களா?"

"இங்க யாருங்க தொடப் போறா? நானும் சமையல்காரரும்தான் இருக்கோம்."

எது மாறியிருக்கிறது என்று அங்கிருந்தே பட்டியல் எடுக்க வைத்தார். ஒரே ஓர் எழுத்து. அதற்கேற்றபடி திருத்தி மறுநாள் அனுப்பினார். பொருந்தவில்லை. இப்போது வேறோர் எழுத்து மாறியிருந்தது. அதற்கும் திருத்தினார். அடுத்த நாள் இன்னோர் எழுத்து.

"காத்து வேகத்தை நான் கையால எழுதி வச்சுக்கறேன், அலட்டிக்காதீங்க" என்றாள் மனைவி. "சாப்பிட்டீங்களா?"

"அந்தப் பட்டியலை இன்னொரு தடவை எடும்மா."

பத்தாவது நாள் மேலாளர் விடுப்புத் தாளை நீட்டினார். மலையில் இருக்கும் கணினியின் டிஸ்க்தான் செத்துக்கொண்டிருக்கிறது என்று முடிவு கட்டி, புது டிஸ்க் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு பஸ்ஸும் ஒரு ஜீப்பும் மாறி, எலும்பெல்லாம் கழன்ற நிலையில் சுருக்குப்பை மலையேறினார்.

வாசலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அவள் நின்றிருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த கேள்விகள் அவருக்கு மறந்துபோயின.

புதிய பதிப்பைப் போட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பழைய டிஸ்க்கை மூன்று முறை சோதித்தார். ஒரு குறையும் இல்லை.

"என் சர்வீஸ்ல இப்படி ஒரு கோளாறைப் பார்த்ததே இல்ல."

"அதை விடுங்க. எத்தனை நாள் லீவு?"

"ஒரு வாரம்."

அவள் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறினாள். சமையல்காரர் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தார்.

"மேடம், சார்தான் வந்துட்டாரே. நாளையிலேர்ந்து காலையில அந்த ஃபைல்ல ஒரு எழுத்தை மாத்த வேண்டாம்ல?"