கப்பலில் வந்தவர்களுக்கு ஒரு வீடு

ஊவா மாகாணத்தின் வரலாற்றை எழுதப்போகிறவர்கள் இனி அதை ‘அசல் லயத்துக்கு முன்’, ‘அசல் லயத்துக்குப் பின்’ என்று இரண்டு பாகமாகத்தான் எழுத வேண்டியிருக்கும். இரண்டாம் பாகத்தில் என் பெயர் முதல் பக்கத்திலேயே வரும். இதை நானே சொல்லக் கூடாதுதான். ஆனால் பதுளை ‘பண்பாட்டு அனுபவக் குழு’வின் செயலாளர் கனகசுந்தரம் நானாக இருக்கும்போது வேறு யார் சொல்வது?

அம்பாந்தோட்டைக்கு வரும் உல்லாசக் கப்பல்களிலிருந்து பயணிகளை இறக்கி, பஸ்ஸில் மலைக்கு ஏற்றி, ஒரே பகலில் பண்பாட்டையும் கைவினையையும் காட்டி, இருட்டுமுன் கப்பலில் சேர்ப்பது எங்கள் குழுவின் பணி. அதற்காக ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தைத் தெரிவு செய்தோம். அங்கே தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் எனும் வரிசைவீடுகளைப் பார்வையிட்டபோது ஒரு பெரிய குறை தெரிந்தது. அவற்றில் மக்கள் குடியிருந்தார்கள். கூரைத் தகரம் காற்றோடு போய், கறுப்புப் பொலித்தீனும் அதன்மேல் கல்லுமாகக் கிடந்தது. வருகிறவர்கள் மனம் நொந்துபோவார்கள் என்று தலைவர் கவலைப்பட்டார்.

கூட்டம் போட்டோம், பற்றீஸ் சாப்பிட்டோம், தீர்மானித்தோம். பழைய லயத்துக்கு எதிரே புதிதாக ஓர் ‘அசல் லயம்’. ஓட்டுக்கூரை, சிமெந்துத் தரை, குழாய்த் தண்ணீர், உள்ளேயே கழிவறை.

“அசல் லயத்துக்குள்ளை கழிவறை இருக்குமோ?” என்று ஒருவர் சந்தேகப்பட்டார்.

“வாறவைக்கு அவசரம் வந்தால் என்ன செய்யிறது?” என்றேன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கேட்டால் நம்பமாட்டீர்கள், மழை தொடங்குமுன் வீடு எழும்பிவிட்டது.

வீட்டுக்கு ஆள் வேண்டுமே! கொழுந்து பறிக்கும் இராக்கம்மாவைக் ‘குடும்பத் தலைவி’யாக நியமித்தோம். அவருடைய மருமகள் தனுஜாவுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. பச்சைக் குழந்தை படத்துக்கு நல்லது என்று அவர்களையும் சேர்த்துக்கொண்டோம்.

“ஐயா, புள்ள படுக்கிற எடத்துல ஒழுகுதுங்க. தகரம் கேட்டுக் கேட்டு ஓஞ்சு போனோம்” என்றார் இராக்கம்மா.

“தகரம் வேறை குழு, அம்மா.”

நிகழ்ச்சிக்கு மகுடமாக ஒன்று வேண்டும் என்று தலைவர் கேட்டபோது, புதுமனைக்குப் பால் காய்ச்சும் சடங்கை முன்மொழிந்தவன் நான்தான். இப்போது நினைத்தாலும் மெய்சிலிர்க்கிறது.

நிகழ்ச்சியன்று காலையிலிருந்தே மழை. பஸ்ஸிலிருந்து முதலில் இறங்கியவர் டொரத்தி என்ற அம்மையார். நல்ல மனுஷி. எதைப் பார்த்தாலும் நெஞ்சில் கை வைத்தார்.

“அந்தக் கூரைகளில் கல் வைத்திருக்கிறார்களே, அது என்ன கலை?” என்று எதிரேயிருந்த லயத்தைக் காட்டினார்.

“பருவகாலக் கலை” என்றேன். படமெடுத்துக்கொண்டார்.

பிறகு கைவினைப் பகுதி. கொழும்பிலிருந்து தருவித்த மூங்கில் கூடைகளை அடுக்கியிருந்தோம். இதை நீங்களே பின்னினீர்களா என்று அம்மையார் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

“இதெல்லாம் யாருங்க பின்னுறா? நாங்க கொழுந்து போடுறது உரச்சாக்குலதான்” என்றார் இராக்கம்மா.

“பாராட்டைக் கேட்டு அவருக்குப் பேச்சு வரவில்லை” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அம்மையார் இரண்டு கூடை வாங்கினார்.

கடைசியாகப் பால். இராக்கம்மா குளித்து, ஈரத்தலையோடு, சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு அடுப்பு மூட்டினார். நடிக்கச் சொன்னால் இப்படியா நடிப்பார் என்று எனக்கே வியப்பு. பால் பொங்கி வழிந்தது. தனுஜா குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். டொரத்தி அம்மையார் கமராவைத் தேடுவதற்குள் பால் அடங்கிவிட்டதால், இன்னொரு தரம் பொங்கவைத்தோம்.

“இனி இவர்கள் இங்கே சந்தோஷமாக இருப்பார்கள், இல்லையா?” என்று பஸ்ஸேறும்போது அம்மையார் கண் கலங்கக் கேட்டார்.

“சந்தேகமில்லாமல்” என்றேன்.

பஸ் போனதும் பூட்டும் திறப்புமாகத் திரும்பி வந்தேன். உள்ளே பாய் விரித்திருந்தது. காய்ந்த தரையில் குழந்தை நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

“அம்மா, நிகழ்ச்சி முடிஞ்சுது. வீட்டைப் பூட்டவேணும்.”

“பால் பொங்குன வீட்ட இருட்டுல போட்டுட்டுப் போகக் கூடாதுங்க ஐயா.”

“அது சும்மா காட்டினது!”

“ரெண்டு தரம் பொங்கிருச்சுங்களே.”

“அது பால்மாவிலை காய்ச்சின பால். கணக்கிலை வராது.”

“எங்களுக்கு என்னைக்குங்க பசும்பால் கெடச்சுச்சு? பால்மாதாங்க எங்களுக்குப் பாலு.”

யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து பதுளையில் வீடு கட்டியபோது நானும் பால் காய்ச்சியவன்தான். அன்றிரவு அந்த வீட்டை விட்டு வெளியே போகச் சொல்லி யாராவது வந்திருந்தால் வெட்டியிருப்பேன். ஆனால் அது வீடு. இது பண்பாடு. பண்பாட்டுக்குள் போய் ஆட்கள் குடியிருந்தால் எப்படி?

“உங்களுக்கு விளங்கேல்லை. இது கப்பலிலை வாறாக்களுக்கெண்டு கட்டின வீடு.”

இராக்கம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். “நாங்களும் கப்பல்ல வந்தவங்கதாங்க. எங்க பூட்டன் அக்கரையில கப்பலேறி வந்துதான் இந்த மலையில தேயில நட்டாரு. எங்களுக்கு மட்டும் ஏங்க இன்னும் வீடு கட்டல?”

இதற்குக் குழுவின் பதில் என்னவென்று கேட்கத் தலைவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் காவலாளிகளை அனுப்பிவைத்தார். பாய் சுருட்டப்பட்டது. தனுஜா குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு மழைக்குள் இறங்கினாள். ‘அசல் லயம்’ எவ்விதச் சேதமுமின்றி மீட்கப்பட்டது.

ஆனாலும் மரபை மதிக்காதவர்கள் என்று எங்களை யாரும் சொல்லிவிட முடியாது. பால் பொங்கிய வீடு இருட்டில் கிடக்கக் கூடாது என்ற இராக்கம்மாவின் ஆலோசனையைக் குழு நன்றியுடன் ஏற்றுக்கொண்டது. இப்போது மாலையானால் காவலாளி போய் உள்ளே விளக்கேற்றிவிட்டுப் பூட்டிக்கொண்டு வருகிறார். எதிர் லயத்தில் ஒழுகாத மூலையாகப் பார்த்துக் குழந்தையை மடியில் வைத்திருக்கும் தனுஜாவுக்கு அந்த வெளிச்சம் நன்றாகத் தெரியும். தோட்ட மக்கள் பார்ப்பதற்குக் கட்டணமும் கிடையாது.

இராக்கம்மாவின் கேள்வி மட்டும் அடிக்கடி ஞாபகம் வருகிறது. யோசித்துப் பார்த்ததில் பிழை எங்களுடையதல்ல என்று தெரிகிறது. அவருடைய பூட்டன் நல்ல கப்பலாகப் பார்த்து ஏறியிருக்க வேண்டும்.