சாம்பாருக்காகப் பாம்பைத் தடவியவர்

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களையும் சல்லடை போட்டுச் சலித்தாலும், எங்கள் பக்கத்து வீட்டு ஹெல்மெட் சாரைப் போல ஒரு கோமாளி அகப்படமாட்டார். சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வண்டியில் வெறுந்தலையோடு போவார். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும்போது மட்டும் முகத்தை மூடி ஹெல்மெட் மாட்டிக்கொள்வார்.

"பச்சைப் பாம்பு கண்ணத்தாங்க கொத்தும். ஒங்களுக்கு எங்க தெரியப்போவுது?" என்று கண்ணாடியைத் தூக்கிவிட்டு எனக்குப் பாடம் வேறு எடுப்பார். இருப்பது இரண்டு செம்பருத்தி, ஒரு முருங்கை. அதற்கு இந்த அலப்பறை.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், அவருடைய சாம்பாரை முடியாது. மனைவி தவறிய பிறகு அவரே சமைக்கிறார். தினமும் பதினொரு மணிக்கு ஒரு தூக்கில் எனக்கும் வந்துவிடும். அதில் பருப்புக்கும் தண்ணீருக்கும் பேச்சுவார்த்தையே இருக்காது. தெருநாய்கூட முகர்ந்துவிட்டு என்னைப் பாவமாகப் பார்க்கும்.

போன மாதம் என் வீட்டுச் செம்பருத்தியில் நிஜமாகவே ஒரு பச்சைப் பாம்பு. சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை. நான் கம்பை எடுப்பதற்குள் மனிதர் ஹெல்மெட்டோடு சுவரேறிக் குதித்துவிட்டார்.

"அடிச்சிராதீங்க! நான் அத உருவணும்!"

பச்சைப் பாம்பைக் கையால் உருவிவிட்டால் அந்தக் கைச் சமையல் மணக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு.

"சார், அது பொம்பளைங்களுக்குச் சொன்னது!"

"பாம்புக்குத் தெரியவா போவுது? நாளைக்கு எம் மக வர்றாங்க. அவ அம்மா போனதுலேருந்து நம்ம வூட்ல ஒரு வாய் சாப்பிடல. எப்ப வந்தாலும் ஓட்டல் பார்சல்தான். ஒரே ஒரு வாய் சாப்பிட்டாப் போதும்ங்க" என்றபடி கையை நீட்டினார்.

கண்ணுக்கு அத்தனை காவல் போட்டவர் கைக்கு ஒன்றும் போடவில்லை. பாம்பு விரலைக் கவ்விவிட்டுச் செடிக்குள் போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். டாக்டர் பார்த்துவிட்டு, "லேசான விஷம்தான், வீக்கம் வடிஞ்சிரும். ஆனா அத எதுக்கு சார் தடவுனீங்க?" என்றார்.

"சாம்பாருக்குங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

மறுநாள் மகள் பார்சலோடு வந்து இறங்கினாள். வாசலிலேயே நிறுத்தி, அப்பா விரலில் ஏன் கட்டு என்று சொன்னேன். பார்சலை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

அரைமணி நேரத்தில் ஹெல்மெட் சார் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். "ரெண்டாந்தரம் ஊத்தச் சொன்னாங்க! கை மணந்துருச்சு, பாத்தீங்களா!"

தூக்கில் எனக்கு வந்த பங்கு எப்போதும்போல வாயில் வைக்க விளங்கவில்லை. "ஆமா சார், பிரமாதம்" என்றேன். மடையர், நம்பிவிட்டார்.

முந்தாநாள் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். பதினொரு மணி தாண்டியும் தூக்கு வரவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.