கேட்டால் அனுப்பும்

"நான் இன்னும் சாகலம்மா" என்றார் சீனி.

பீடோரிலிருந்து போன். "ரொம்ப சந்தோஷம் அண்ணே" என்றாள் கடையில் போனை எடுத்த ஷர்மினி.

"என்ன சந்தோஷம்? வாசல்ல ரெண்டு கெனோப்பிக் கூடாரம் போட்டுட்டுப் போயிட்டானுங்க. சாவு வீடுன்னு நெனச்சு, தாமான் வீடுங்கள்ல உள்ளவங்க எல்லாம் மாலையத் தூக்கிக்கிட்டு வாராங்க. எதுத்த வீட்டு அக்கா நான் கதவைத் திறந்ததும் மயங்கி விழுந்துட்டாங்க. நான் வெல மட்டும்தான்லா கேட்டேன்!"

ஈப்போ புந்தோங்கில் உடையப்பனின் கூடார வாடகைக் கடை பிரபலம். இன்று முதல் வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டர்களை ஏஐ ஏஜெண்டே கவனித்துக்கொள்ளும் என்று அவர் பேஸ்புக்கில் முழங்கியிருந்தார். ஏஜெண்டுக்குச் சில கருவிகள் உண்டு: அனுப்ப ஒன்று, உறுதிசெய்ய ஒன்று, முடிக்க ஒன்று. எந்தக் கருவி எதற்கு என்று விளக்கம் எழுதுவது ஷர்மினியின் வேலை. அதைப் படித்துத்தான் ஏஜெண்ட் எதை எடுப்பதென்று முடிவுசெய்யும். நேற்றுவரை கிடங்கில் நாற்காலி அடுக்கியவள் அவள். இது சரியாக வந்தால் ஆபீஸ் மேசை அவளுக்கே.

'அனுப்பு' கருவிக்கு அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "வாடிக்கையாளர் கேட்டால் அனுப்பும்."

பழைய வாடிக்கையாளர் சீனி விலையைக் கேட்டார். கூடாரம் போய்விட்டது.

முக்கியமான மீட்டிங் என்று உடையப்பன் காலையிலேயே உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். ஷர்மினி கதவுக்கு வெளியே நின்று விஷயத்தைச் சொன்னாள்.

"இந்த ஏஐ சுத்த மக்கு பாஸ்!"

"அத ஏன்லா திட்டுற?" உள்ளிருந்து குரல் சூடாக வந்தது. "கேட்டால் அனுப்பும்னு நீதான எழுதியிருக்க? கேட்டாரு, போச்சு. தெளிவா எழுது!"

ஷர்மினி உட்கார்ந்து ஒரு வரி சேர்த்தாள்: "எதையும் நன்றாக உறுதிசெய்த பிறகே அனுப்ப வேண்டும்."

கொஞ்ச நேரத்தில் புஷ்பலதா அழைத்தார். அவர் மகளுக்கு நாளை மறுநாள் நிச்சயதார்த்தம்.

"ஏம்மா, உங்க கடைக்கு என்ன வந்துச்சு? 'உறுதியா'ன்னு கேட்டுச்சு, ஆமான்னேன். 'நன்றாக உறுதியா'ன்னு கேட்டுச்சு, ஆமான்னேன். இப்ப 'மாப்பிள்ளை வீட்டாருக்கும் உறுதியா'ன்னு கேக்குது. போன் மாப்பிள்ளையோட அம்மா கையில இருந்துச்சு! என்ன சந்தேகம்னு அவங்க என்னையக் கேக்குறாங்க!"

ஷர்மினி மறுபடி கதவருகே ஓடினாள்.

"நல்லா உறுதிசெய்யணும்னு எழுதுனா, எவ்வளவு நல்லான்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்றது கதவு. "பாவம்லா அது. பயந்துகிட்டே வேல செய்யுது."

ஒரு கம்ப்யூட்டருக்கு இவ்வளவு பரிதாபப்படும் முதலாளியை அவள் பார்த்ததில்லை. கிடங்கில் அவள் விரலில் இரும்புக் குழாய் விழுந்தபோதுகூட அவர் குழாயைத்தான் பார்த்தார். பற்களைக் கடித்துக்கொண்டு எழுதினாள்: "ஒரு முறை கேட்டால் போதும். பதில் வராவிட்டால் முடித்துவிடவும்."

மதியம் முகம்மது கௌஸின் போன் வந்தது. அவருடைய புதிய உணவகத்தின் திறப்பு விழா. பின்னணியில் மழைச் சத்தமும் பல பேர் கூச்சலும்.

"தங்கச்சி! ஆளுங்க பிரியாணி சாப்பிட்டுக்கிட்டிருக்காங்க, தலைக்கு மேல இருந்து கெனோப்பியக் கழட்டிட்டுப் போறானுங்க! என்னடான்னு கேட்டா, முடிச்சிரச் சொல்லி மெசேஜ் வந்துச்சுங்குறான். 'உறுதியா'ன்னு கேட்டதுக்கு நான் பதில் போடலியாம்; பந்தியில கைய வச்சவன் போனையா பார்த்துக்கிட்டிருப்பான்? தால்ச்சா சட்டி மழையில நிரம்பி வழியுதுலா!"

இந்த முறை அவள் கதவருகே போகவில்லை. போகாமலே உள்ளிருந்து குரல் வந்தது: "முடின்னா என்ன அர்த்தம்? வேலைய முடிக்கிறதா, ஆளையே முடிக்கிறதா? இன்னிக்குள்ள சரியா எழுதல, நாளைக்கு நீ கிடங்குக்குப் போயிரு!"

கண்ணில் நீர் முட்டியது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, எழுதிய எல்லாவற்றையும் அழித்தாள். இந்தக் கடையையே பார்த்திராத ஓர் ஆள் எதிரே நிற்பதாக நினைத்துக்கொண்டு, அவருக்குச் சொல்வதுபோல எழுத ஆரம்பித்தாள்.

"அனுப்பு: இது கூடாரத்தை லாரியில் ஏற்றி அனுப்பும். நாள், முகவரி இரண்டையும் தந்து ஆர்டர் செய்தவருக்கு மட்டும். விலை மட்டும் கேட்டால் இதைத் தொடக் கூடாது. விலைப் பட்டியலைக் காட்டினால் போதும். உதாரணம்: 'கெனோப்பி எவ்வளவு?' என்பது ஆர்டர் அல்ல."

மற்றவற்றையும் அப்படியே எழுதினாள். 'முடி' என்ற பெயரையே மாற்றி, 'விழா முடிந்த பின் கூடாரத்தைப் பிரி' என்று வைத்தாள்.

ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து ஒருவர் விலை கேட்டார். விலை மட்டும் போனது. இன்னொருவர் ஆர்டர் செய்தார். ஒரே ஒரு கேள்வியோடு உறுதியானது. போன் அடிக்கவே இல்லை.

"ஆ! இப்பத்தான்லா தெளிவா இருக்கு!" என்று உள்ளறையிலிருந்து உடையப்பன் கத்தினார். "மேச உனக்குத்தான்!"

ஷர்மினி நாற்காலியில் சாய்ந்தாள். அப்போது மென்பொருள் கம்பெனி தனேஷ் மடிக்கணினிப் பையோடு வியர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தான்.

"மன்னிச்சிருங்கக்கா, வழியில மோட்டார் சைக்கிள் பழுதாயிருச்சு. ஏஐ-ய மாட்டிரலாமா?"

"மாட்டுறதா? அது காலையிலேருந்து ஓடுதேப்பா!"

"எப்படிக்கா ஓடும்? நான் இன்னும் கனெக்ஷனே கொடுக்கலியே."

உள்ளறைக் கதவு திறந்தது. முதலாளியின் மனைவி காளியம்மா காலிக் கோப்பிக் குவளைகளோடு வெளியே வந்தார்.

"சீக்கிரம் மாட்டி விடுப்பா தம்பி. ஏஐ வந்துருச்சுன்னு பேஸ்புக்ல போட்டுட்டு, காலையிலேருந்து இந்த மனுஷன்தான் அந்தப் பொண்ணு எழுதுறதப் படிச்சுப் படிச்சு பட்டன அமுக்கிக்கிட்டுக் கெடக்காரு."